வறண்ட வெயில் புல்லுக்கு, புழுக்கம் மாட்டுக்கு: பருவநிலை மாற்றம் மேய்ச்சலை என்ன செய்கிறது?

பால் குறைந்தால் பருவநிலை மாற்றம், சினை நிற்காவிட்டால் பருவநிலை மாற்றம், கிணறு வற்றினாலும் அதுவே காரணம் என்று சொல்லிவிட்டு எழுந்து போவது இப்போது வழக்கமாகிவிட்டது. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பேச்சு: "வெயில் எந்தக் காலத்துலங்க இல்ல? ஒரு டிகிரி கூடினதுக்கா இத்தனை கூப்பாடு?" இரண்டு பேரும் ஒன்றைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். கூடிய வெப்பம் எந்த வழியாகப் புல்லைத் தொடுகிறது, எந்த வழியாக மாட்டைத் தொடுகிறது? இவை இரண்டும் வேறு வேறு வழிகள். அது பிடிபடாதவரை மின்விசிறிக்குச் செலவு செய்ய வேண்டிய இடத்தில் தீவனத்துக்கும், தீவனத்துக்குச் செலவு செய்ய வேண்டிய இடத்தில் ஊசிக்கும் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

பொதுவாகப் பேசினால் தலையும் வாலும் தெரியாது. அதனால் ஒரே ஒரு மேய்ச்சல் நிலத்தை எடுத்துக்கொள்வோம்: காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில், அரவக்குறிச்சி வட்டாரத்தின் கொறங்காடு.

கொறங்காடு எப்படிப்பட்ட நிலம்?

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதி இது. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் அளவில்தான் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாக வந்து சேரும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு இந்தப் பக்கம் வரும். சரளை கலந்த ஆழமில்லாத மண். இங்கே பயிர் வைப்பது சூதாட்டம் என்று தெரிந்துதான் முன்னோர் புல்லை வைத்தார்கள்.

கொறங்காட்டின் மூலதனம் மூன்று. தரையில் கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரம். சுற்றிலும் உயிர்வேலியாக முள்கிளுவை. வேலி இருப்பதால் மாட்டின் பின்னால் ஆள் நிற்கத் தேவையில்லை. காட்டைத் தடுத்துப் பிரித்து, ஒரு பகுதியில் மேயும்போது மற்றதை ஆறப்போடலாம். வெள்வேலம் நிழலும் தரும், கோடையில் காயும் தரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது கொள்ளோ சோளமோ விதைப்பார்கள். உழவில் புல் மறுபடி தழையும். காங்கயம் மாடும் மேச்சேரி ஆடும் இந்த நிலத்தில் வளர்ந்தவை.

வறட்சியைத் தாங்கவே உருவான ஏற்பாடு இது. அதனால்தான் நமக்கு நல்ல எடுத்துக்காட்டு. இதுவே தடுமாறுகிறது என்றால் எங்கே தடுமாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

சராசரி என்ற ஏமாற்று

இன்றைக்கு மழை பெய்ததா, நாளை வெயில் அடிக்குமா என்பது வானிலை. முப்பது ஆண்டு அளவிலான வானிலையின் போக்கு பருவநிலை. ஒரு வறட்சியைக் காட்டி 'இதுதான் பருவநிலை மாற்றம்' என்று சொல்லவும் முடியாது. ஒரு வெள்ளத்தைக் காட்டி 'அப்படி ஒன்றும் இல்லை' என்று சொல்லவும் முடியாது.

2015இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெய்தது. அடுத்த ஆண்டு, 2016இல், அதே பருவமழை 62% குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. இரண்டு ஆண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிட்டத்தட்ட இயல்பான மழை என்று விடை வரும். தாளில் குறையே இல்லை. ஆனால் மாடு சராசரியைத் தின்பதில்லை. 2017 சித்திரையில் காட்டில் என்ன நின்றதோ அதைத்தான் தின்றது.

வெப்பத்துக்கும் இதே கதைதான். 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் ஏறக்குறைய 0.7 டிகிரி செல்சியஸ் கூடியிருக்கிறது. கேட்டால் சிரிப்பு வரும் எண். அது என்ன செய்யும் என்பதற்குத் துணி காயப்போட்டுப் பார்த்தால் போதும்.

துணி காயும் கணக்கு

கொடியில் போட்ட ஈரத்துணி சித்திரையில் ஒரு மணி நேரத்தில் காய்கிறது. ஐப்பசி அடைமழைக்காலத்தில் நாள் முழுக்கக் காய்வதில்லை. துணி அதேதான், தண்ணீரும் அதேதான். மாறியது காற்று. எவ்வளவு ஈரத்தைக் காற்று தாங்க முடியும், ஏற்கெனவே எவ்வளவு தாங்கியிருக்கிறது, இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் துணியைக் காயவைக்கிறது. இந்த இடைவெளியை நாம் 'காற்றின் தாகம்' என்று வைத்துக்கொள்வோம்.

வெப்பம் 1 டிகிரி ஏறினால் காற்று தாங்கக்கூடிய ஈரம் ஏறக்குறைய 7% கூடும். இடைவெளி அதைவிட வேகமாகக் கூடும். 34 டிகிரி வெயில், 45% ஈரப்பதம் உள்ள ஒரு பகலில், ஈரம் கூடாமல் வெப்பம் மட்டும் 35 ஆனால், காற்றின் தாகம் 10% அளவுக்கு ஏறிவிடும். புல்லிலிருந்தும் மண்ணிலிருந்தும் தண்ணீரை இழுப்பது இந்தத் தாகம்தான்.

இந்தத் துணியை நினைவில் வையுங்கள். துணி வேகமாகக் காயும் நாள் புல்லுக்குக் கெட்ட நாள். துணி காயவே காயாத வெயில் நாள் மாட்டுக்குக் கெட்ட நாள். இரண்டையும் 'வெயில் கொடுமை' என்று ஒரே பெயரில் சொல்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

பச்சை நாட்கள்

மேய்ச்சல் நிலத்தின் வருமானத்தை மில்லிமீட்டரில் அளப்பதைவிட, ஆண்டில் எத்தனை நாள் புல் பச்சையாக நின்று வளர்ந்தது என்று அளப்பது சரி.

புல்லின் வேருக்கு எட்டும் ஆழத்தில் மண் 40 மில்லிமீட்டர் தண்ணீரைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காற்று ஒரு நாளைக்கு 4 மில்லிமீட்டர் இழுத்தால் ஒரு நல்ல மழைக்குப் பிறகு 10 நாள் பச்சை. காற்றின் தாகம் 10% கூடினால் 9 நாள். ஒரு மழைக்கு ஒரு நாள்தானே என்று தோன்றும். பருவத்தில் எட்டு மழை என்றால் எட்டு நாள் போச்சு.

இது சின்ன இழப்பு. பெரிய இழப்பு மழை வரும் விதத்தில் இருக்கிறது. 120 மில்லிமீட்டர் மழை, பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை 40, 40, 40 என்று பெய்தால் 30 பச்சை நாட்கள். அதே 120 ஒரே இரவில் கொட்டினால் மண் 40ஐப் பிடித்துக்கொள்ளும். மீதி பள்ளத்தில் ஓடும். பச்சை நாள் 10தான். மழைமானி இரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டும். வெப்பமான காற்று அதிக ஈரத்தைச் சுமப்பதால் பெய்யும்போது கனமாகப் பெய்வதும், நடுவில் வறண்ட இடைவெளி நீள்வதும் பருவநிலை மாற்றத்தின் அடையாளங்கள். "மழை குறையலையே, அப்புறம் ஏன் புல் இல்லை?" என்ற கேள்விக்கு விடை இதுதான். ஓடியதில் ஒரு பங்கு ஆழத்துக்கு இறங்கினால் அது வெள்வேலத்துக்குப் பயன்படும். மரத்தின் வேர் புல்லின் வேர் எட்டாத இடத்துக்குப் போகும். மரமும் புல்லும் சேர்ந்த நிலம் வெறும் புல்வெளியைவிடத் தாக்குப்பிடிப்பதற்கு இதுவே காரணம்.

கரியமில வாயு கூடினால் செடிக்கு நல்லதுதானே என்று கேட்பவர்களும் உண்டு. சில செடிகளுக்கு நல்லதுதான். ஆனால் கொழுக்கட்டைப் புல், சோளம், கம்பு போன்ற வெப்பநாட்டுப் புல்வகைகள் இருக்கும் கரியமில வாயுவையே இலைக்குள் செறிவாகத் திரட்டிக்கொள்ளும் அமைப்பு கொண்டவை. வெளியே கூடுவதால் அவற்றின் வளர்ச்சிக்குப் பெரிய ஆதாயம் இல்லை. தண்ணீர்ச் செலவு கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவே. சீமைக்கருவேலம் போன்ற மரவகைகளுக்கும் பார்த்தீனியத்துக்கும் ஆதாயம் அதிகம். போதாததற்குச் சீமைக்கருவேலக் காயை ஆடு மாடு தின்று, விதையைச் சாணியோடும் புழுக்கையோடும் காடு முழுக்கப் பரப்பியும் விடுகின்றன.

இதுவரை பார்த்தது: காற்றின் தாகம் கூடுவதாலும் மழை மொத்தமாகக் கொட்டுவதாலும் பச்சை நாட்கள் குறைகின்றன. ஆண்டு மழையளவு இதைக் காட்டாது.

அளவு போனது போக, தரமும் போகிறது

வெப்பம் கூடினால் புல் சீக்கிரம் முற்றும். தண்டு நாராகும். நாரோடு சேர்ந்து லிக்னின் என்ற மரப்பொருள் படியும். எந்த மாட்டாலும் இதைச் செரிக்க முடியாது.

மாடு புல்லைத் தானாகச் செரிப்பதில்லை. அதன் முதல் வயிற்றில், அதாவது அசையூண் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தான் செரித்துத் தருகின்றன. அவற்றுக்குப் புரதம் வேண்டும். தீவனத்தில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நுண்ணுயிர்களின் வேலை சுணங்கும். தின்றது வயிற்றைவிட்டு நகராது. வயிறு நிரம்பியே இருப்பதால் மாடு மேற்கொண்டு தின்னாது. வைக்கோலிலும் முற்றிய சோளத்தட்டிலும் புரதம் 3 முதல் 5 சதவீதம்தான். தாழி நிறையத் தட்டு கிடக்கும், மாடு எலும்பும் தோலுமாக நிற்கும். "போட்டதைத் திங்க மாட்டேங்குது" என்று மாட்டைக் குறை சொல்வார்கள். குறை தட்டில் இருக்கிறது.

ஏக்கர் கணக்கு: காடு கெடுவது எப்படி?

கொறங்காடு ஒரு வறட்சியால் அழியாது. கொழுக்கட்டைப் புல் மேலே சருகாகிக் கிடந்தாலும் தூரும் வேரும் உயிரோடிருக்கும். ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். காட்டைக் கெடுப்பது, வறட்சி ஆண்டிலும் நல்ல ஆண்டின் எண்ணிக்கையில் உருப்படிகளை விட்டு வைப்பது.

300 கிலோ எடையுள்ள காங்கயம் பசு ஒரு நாளைக்கு உடல் எடையில் 2.5% அளவு, அதாவது 7.5 கிலோ உலர் எடை தின்னும். ஈரம் நீக்கிய பிறகு தீவனத்தில் மிஞ்சும் எடைதான் உலர் எடை. பச்சைப் புல்லாக எடுத்தால் 30 கிலோவுக்கு மேல்.

ஒரு நல்ல ஆண்டில் ஏக்கருக்கு 800 கிலோ உலர் புல் விளைந்தது என்று கொள்வோம். பாதியைக் காட்டிலேயே விட வேண்டும் என்பது மேய்ச்சலின் அடிப்படை விதி. மீதி 400 கிலோ, ஒரு பசுவுக்கு 53 நாள். அடுத்த ஆண்டு பச்சை நாள் குறைந்து 500 கிலோதான் விளைந்தது. பாதி 250, அது 33 நாளுக்கு வரும். ஆனால் போன வருசம் 53 நாள் விட்டோமே என்று இந்த வருசமும் 53 நாள் விட்டால், மாடு 400 கிலோவையும் தின்றுவிடும். காட்டில் நிற்பது 100 கிலோ. ஐந்தில் ஒரு பங்கு.

இங்கேதான் காடு கெடுகிறது. இலையில் பாதியைக் கடித்தால் புல்லின் வேர் வளர்ச்சி அதிகம் பாதிக்காது. ஐந்தில் நான்கு பங்கைக் கடித்தால் வேர் வளர்ச்சி பத்துப் பன்னிரண்டு நாள் அடியோடு நின்றுபோகும். அந்த நாட்களுக்குள் மறுபடி கடித்தால் இன்னும் தள்ளிப்போகும். வேர் குட்டையான புல், அடுத்த மழையில் மேல்மண்ணின் ஈரத்தை மட்டும் குடிக்கும். 40 மில்லிமீட்டர் பிடித்த மண்ணில் அதற்கு எட்டுவது 25தான் என்றாகும். பச்சை நாள் இன்னும் சுருங்கும். தூர்களுக்கு நடுவே வெறும் தரை தெரியத் தொடங்கும். வெறும் தரையில் மழை விழுந்தால் மேல்மண் இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடும். இந்தக் கட்டத்தில் மழை நன்றாகப் பெய்த ஆண்டில்கூடக் காடு பழைய நிலைக்கு வராது. பருவநிலை மாற்றம் தொடக்கத்தைத் தருகிறது. முடிவை நாம் எழுதுகிறோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

உங்கள் காட்டில் எவ்வளவு புல் நிற்கிறது என்று அறிய விஞ்ஞானி தேவையில்லை. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் கம்பிச் சட்டம் செய்துகொள்ளுங்கள். காட்டில் நல்ல இடம் மட்டும் பார்க்காமல் ஐந்தாறு இடத்தில் வீசுங்கள். சட்டத்துக்குள் இருக்கும் புல்லைத் தரையோடு அறுத்து, மொரமொரப்பாகக் காயவைத்து எடை போடுங்கள். சராசரி 100 கிராம் என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 400 கிலோ. கிராமை நான்கால் பெருக்கினால் கிலோ, அவ்வளவுதான்.

சுருக்கமாக: ஒரு பசுவுக்கு 7.5 கிலோ, காட்டுக்குப் பாதி. பச்சை நாள் குறைந்த ஆண்டில் மேய்ச்சல் நாளும் குறைய வேண்டும்.

இனி மாட்டுக்குள் என்ன நடக்கிறது?

மாட்டின் இயல்பான உடல் வெப்பம் 38.5 டிகிரியை ஒட்டியது. அசையூண் வயிற்றில் நொதிக்கும் தீவனம் இடைவிடாமல் சூட்டை உண்டாக்குகிறது. பால் சுரப்பதும் சூட்டை உண்டாக்கும் வேலை. பால் கூடக் கூடச் சூடும் கூடும். இந்தச் சூட்டைத் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் மாடு வெளியேற்றியாக வேண்டும். வெளிக்காற்றின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும்போது அதற்கு மிஞ்சும் ஒரே வழி ஈரத்தை ஆவியாக்குவது, அதாவது துணி காய்வது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வேர்வை வழியுமே தவிர ஆவியாகாது. வெளியேற்ற முடியாத சூடு உடலில் தேங்குவதைத்தான் கால்நடை மருத்துவர்கள் வெப்ப அயர்ச்சி என்கிறார்கள்.

இதை அளக்க வெப்ப ஈரப்பதக் குறியீடு என்ற கணக்கு உண்டு. சாதாரண வெப்பமானி காட்டும் அளவையும், குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவையும் கூட்டி, 0.72ஆல் பெருக்கி, 40.6 சேர்க்க வேண்டும். விடை 72ஐத் தாண்டினால் சீமை இன மாடுகளுக்குத் தொல்லை தொடங்கும். அதிகம் கறப்பவற்றுக்கு 68இலேயே தொடங்கிவிடும்.

போட்டுப் பாருங்கள். சாதாரணம் 35, ஈரம் 20 என்றால் குறியீடு 80. சாதாரணம் அதே 35, ஈரம் 26 என்றால் 84.5. வெயில் ஒரு புள்ளிகூட ஏறவில்லை. புழுக்கம் மட்டும் ஏறியது. இன்னொன்று: 24 டிகிரியும் 20 டிகிரியும் இருந்தாலே 72 வந்துவிடுகிறது. நமக்கு இதமாகத் தோன்றும் காலை நேரத்திலேயே கலப்பினப் பசு கோட்டின்மேல் நிற்கிறது.

அதனால் பகல் உச்சியைவிட இரவைக் கவனிக்க வேண்டும். பகலில் தேங்கிய சூட்டை மாடு இரவில் இறக்கிவைக்கும். இரவும் புழுக்கமாக இருந்தால் மறுநாள் பழைய பாக்கியோடு தொடங்கும். இப்படி மூன்று நாள் தொடர்ந்தால் நான்காம் நாள் வெயில் குறைவாக இருந்தாலும் பால் இறங்கும். வெயில் அடித்த அன்றைக்கே பால் குறையாமல் ஒன்றிரண்டு நாள் கழித்துக் குறைவதால், அன்றைக்கு மாற்றிய தீவனத்தின்மேல் பழி விழுவது வழக்கம்.

பால் ஏன் குறைகிறது என்பதற்கு 'தீனி எடுக்கல' என்பது பாதி விடைதான். வயிற்றில் சூடு பிறப்பதைக் குறைக்க மாடு தீனியைக் குறைக்கிறது, சரி. ஆனால் பால் இழப்பில் ஏறக்குறையப் பாதியைத்தான் அது விளக்குகிறது. மீதி, உடல் தன் சத்தைப் பாலிலிருந்து திருப்பி உடலைக் காப்பதற்குச் செலவிடுவதால் வருவது. எனவே புண்ணாக்கைக் கூட்டிப் போட்டு மட்டும் இழந்த பாலை மீட்க முடியாது.

சினைக்கும் இதே அடி. வெப்ப அயர்ச்சியில் பசு பருவத்துக்கு வரும் அறிகுறிகள் மங்கும், நேரமும் குறுகும். பெரும்பாலும் இரவிலோ விடியலிலோ காட்டிவிட்டு அடங்கிவிடும். பகலில் மட்டும் பார்ப்பவர் தவறவிடுவார். கரு பிடித்த முதல் சில நாட்கள் வெப்பத்துக்கு மிக நொய்மையானவை. கோடையில் போட்ட சினை ஊசி நிற்காமல் போவதற்கு ஊசி போட்டவரைத் திட்டிப் பயனில்லை.

நாட்டு மாட்டுக்கு ஒன்றும் ஆகாதா?

ஆகும், தாமதமாக. காங்கயம் போன்ற திமில் மாடுகளுக்கு வேர்வைச் சுரப்பி அதிகம், மயிர் குட்டை, தொங்கும் தளர்ந்த தோல். உள்ளே பிறக்கும் சூடும் குறைவு. ஆனால் அதற்கு ஒரு காரணம் அவை குறைவாகக் கறப்பதுதான் என்பதை மேடைப் பேச்சில் யாரும் சொல்வதில்லை. புழுக்கத்தைத் தாங்கும் நாட்டு மாடும் புல் இல்லாத காட்டில் மெலியத்தான் செய்யும். எருமையின் நிலை வேறு: கறுத்த தோல், குறைந்த வேர்வைச் சுரப்பி. குளமும் சேறும் இல்லாமல் எருமை வளர்ப்பது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிறது.

நோயும் நஞ்சும்

ஆட்டுக்கு வரும் நீலநாக்கு நோய் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வருவது. 1997-98இல் பெரிய அளவில் பரவியது. ஈரச் சாணியிலும் சேற்றிலும் பெருகும் மிகச் சிறிய கடிக்கும் பூச்சி இதைப் பரப்புகிறது. காற்று வெப்பமாக இருந்தால் பூச்சிக்குள் வைரஸ் வேகமாகப் பெருகும். எனவே வெப்பமான ஐப்பசியும் கனமழையும் சேர்வது ஆட்டுக்காரருக்கு எச்சரிக்கை. மழை தொடங்கிய பிறகு தடுப்பூசிக்கு அலைவதில் பயன் குறைவு. மழைக்கு முன்பே போட வேண்டும். பட்டியைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் பார்ப்பதும் பாதி மருந்து. உண்ணியும் வெப்பத்தில் வேகமாகப் பெருகும்.

வறட்சியில் மட்டும் தலைகாட்டும் இன்னொரு ஆபத்து சோளப்பயிர் நச்சு. இளஞ்சோளத்தில் இயல்பாகவே சயனைடை வெளிவிடும் பொருள் உண்டு. மழை தப்பி வாடி நிற்கும் பயிரிலும், அறுத்த தாளிலிருந்து வறட்சிக்குப் பின் துளிர்க்கும் மறுதாம்பிலும் அது மிக அதிகம். பசியோடு நுழைந்த மாடு வயிறாரத் தின்றால், சில நிமிடங்களிலேயே மூச்சு திணறி, தள்ளாடி விழும். ஒரே நேரத்தில் நான்கைந்து சாகும். பூக்கும் முன் சோளத்தில் மாட்டை விடக் கூடாது. வாடிய பயிர் மழையில் தேறி நிமிர்ந்தபின் இன்னும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். அறுத்து நன்றாகக் காயவைத்தால் நஞ்சு வெகுவாகக் குறையும். விழுந்த மாட்டுக்கு நச்சுமுறிவு ஊசி உண்டு, ஆனால் மருத்துவர் வந்து சேரும் நேரம் வரை பெரும்பாலும் மாடு தாங்காது.

மாடுதான் குற்றவாளியா?

மாடு விடும் ஏப்பத்தில் மீத்தேன் இருக்கிறது. நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். ஆனால் பன்னிரண்டு ஆண்டு அளவில் சிதைந்துவிடும். நாரான தட்டை மட்டும் தின்று 2 லிட்டர் கறக்கும் மாடு, ஒரு லிட்டர் பாலுக்கு அதிக மீத்தேன் விடுகிறது. நல்ல தீவனம் கொடுத்தால் பாலும் கூடும், லிட்டருக்கான மீத்தேனும் குறையும். நிலக்கரி, பெட்ரோல் கணக்கை மறைக்க மாட்டைக் கூண்டில் ஏற்றுவது நியாயம் இல்லை. மாட்டுக்குப் பங்கே இல்லை என்பதும் உண்மை இல்லை.

கட்டுத்தரையில் செய்ய வேண்டியவை

முதலில் மூச்சை எண்ணுங்கள். பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு, நிழலில் நிற்கும் மாட்டின் விலாவைப் பார்த்து 30 விநாடி எண்ணி இரட்டியுங்கள். 60ஐத் தாண்டினால் வெப்ப அயர்ச்சி தொடங்கிவிட்டது. 80க்கு மேல் போனால் உடனே ஏதாவது செய்ய வேண்டும். வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு, எச்சில் ஒழுக நின்றால் அது அவசரம்.

தண்ணீரைப் போல மலிவான மருந்து கிடையாது. 10 லிட்டர் கறக்கும் கலப்பினப் பசு கோடையில் நாளைக்கு 80 முதல் 100 லிட்டர் குடிக்கும். காலை, மாலை இரண்டு குடம் காட்டுவது போதாது. தொட்டி நாள் முழுக்க நிரம்பியிருக்க வேண்டும், அதுவும் நிழலில். வெயிலில் நிற்கும் பிளாஸ்டிக் தொட்டியின் சுடுதண்ணீரை மாடு முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிடும்.

தீனி நேரத்தை மாற்றுவதற்குக் காசு செலவில்லை. தின்ற மூன்று, நான்கு மணி நேரத்தில் வயிற்றுச் சூடு உச்சம் தொடும். காலை பத்து மணிக்குப் போட்டால் அந்த உச்சமும் வெயில் உச்சமும் ஒன்றாக வந்து விழும். ஆறு மணிக்குள் ஒரு பங்கு, மாலை ஆறுக்கு மேல் பெரும்பங்கு என்று பிரியுங்கள். தட்டு சூடு என்று சொல்லி அதை அடியோடு நிறுத்தித் தவிட்டையும் கம்பெனித் தீவனத்தையும் ஏற்றுவது பெரிய தவறு. மூச்சு வாங்கும் மாடு எச்சிலை ஒழுகவிடுகிறது. வயிற்றுப் புளிப்பை அடக்குவது அந்த எச்சில்தான். எச்சிலும் இல்லை, நாரும் இல்லை என்றால் வயிறு புளித்துத் தீனியே நின்றுபோகும்.

தண்ணீர் தெளிப்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நாற்புறமும் அடைத்த கொட்டகையில் புகைபோல் தண்ணீரைப் பீய்ச்சினால் காற்றில் ஈரம் ஏறும், மாட்டின் தோல் நனையாது, புழுக்கம் கூடும். அதாவது அடைமழை நாளைக் காசு கொடுத்து உள்ளே கொண்டுவருகிறீர்கள். தோல் நனையும்படி பெரிய துளியாக ஒன்றிரண்டு நிமிடம் தெளித்து, பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் விசிறி போட்டுக் காயவிட வேண்டும். விசிறி இல்லாவிட்டால் காற்றோட்டமுள்ள மர நிழலில் நிறுத்தி நனையுங்கள். கொட்டகை கட்டுவதாக இருந்தால் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். காலை, மாலைச் சாய்வெயில் உள்ளே குறைவாக விழும். தகரக் கூரையின்மேல் தென்னங்கீற்று பரப்பினாலே உள்ளே வித்தியாசம் தெரியும்.

காட்டுக்கும் வைக்கோல் போருக்கும் செய்ய வேண்டியவை

தட்டையும் வைக்கோலையும் யூரியாவால் பதப்படுத்தலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 40 முதல் 60 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி 21 நாள் விட வேண்டும். யூரியா அம்மோனியாவாகி நாரைத் தளர்த்தும், புரதக் கணக்கையும் 7 சதவீதத்துக்குக் கொண்டுவரும். எடுத்ததும் இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, வாடை போனபின் போடுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு ஆகாது. கரைத்த தண்ணீரை மாடு குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. வாளியை அங்கேயே வைத்துவிட்டு நகராதீர்கள்.

வெறும் தரை தெரியும் காட்டில் கொழுக்கட்டைப் புல்லை மறுவிதைப்பு செய்ய ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ விதை போதும். புதிதாக எடுத்த விதை உறக்கத்தில் இருக்கும். ஆறு மாதமாவது இருப்பு வைத்த விதைதான் ஒழுங்காக முளைக்கும். பஞ்சுபோல் பறப்பதால் ஈரமணலில் கலந்து, புரட்டாசி முடிவில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் தூவுங்கள். ஆழமாக மூடிவிட்டு 'விதை மோசம்' என்பவர்கள் அதிகம். முதல் பருவம் ஆட்டை அந்தப் பக்கமே விடக் கூடாது.

கடைசியாக, எல்லாவற்றிலும் கடினமானது: உருப்படிகளைக் குறைப்பது. பொங்கல் கழிந்ததும் கணக்குப் போடுங்கள். நான்கு மாட்டுக்கு நாள் ஒன்றுக்கு 7.5 கிலோ வீதம் 120 நாளுக்கு 3,600 கிலோ உலர் தீவனம் வேண்டும். சட்டம் வீசி அளந்த புல்லில் பாதியையும், போரில் இருக்கும் தட்டையும் கூட்டுங்கள். குறைந்தால், அந்தத் தையிலேயே முடிவெடுங்கள். முதலில் கிடாய்க்குட்டிகள், பிறகு பல் தேய்ந்த ஆடுகள், பிறகு சினை நிற்காத மாடு. குட்டி போடும் இளம் பெட்டைகள் கடைசிவரை இருக்கட்டும். சித்திரை வரை மழையை எதிர்பார்த்திருந்தால் அதற்குள் உருப்படி மெலிந்திருக்கும், சுற்றுவட்டாரம் முழுக்க விற்கக் கிளம்பியிருக்கும், சந்தையில் விலை வியாபாரி சொல்வதுதான்.